கோபுரமும் அருவியும் வாக்கும்

தென்காசிப் பெரிய கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், விந்தையானதொரு வேண்டுகோளைக் கல்லில் எழுதி வைத்துச் சென்றிருக்கிறான். மன்னர்கள் கல்வெட்டுகளில் தம் வெற்றிகளையும் கொடைகளையும் பொறிப்பது வழக்கம். இம்மன்னனோ, பிற்காலத்தில் இக்கோயிலுக்கு ஏதேனும் குறை நேருமானால், அதைச் சீர்செய்து காப்பவர் யாராயிருப்பினும் அவருடைய அடிகளில் தான் பணிவதாகக் கூறுகிறான். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓர் அரசன், இன்னும் பிறவாத மக்களைக் கைகூப்பி வணங்குகிறான்!

இவன் ஏன் இப்படி வேண்டினான்? கட்டுவதற்கு ஒரு மன்னன் போதும். காப்பதற்கோ ஒவ்வொரு தலைமுறையும் வேண்டும். கட்டியவனுக்குப் புகழ் உண்டு. ஒழுகும் கூரையை அடைத்தவனுக்கும், கோபுரத்தில் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்கியவனுக்கும் புகழ் இல்லை. புகழ் இல்லாத வேலையைச் செய்ய ஆள் கிடைப்பது அரிது என்பதை அம்மன்னன் நன்கு உணர்ந்திருந்தான்.

மாணவிகளே, நம் ஊர்ப் பகுதியில் முன்னோர் நமக்கு விட்டுச் சென்றவை பல. அவற்றுள் மூன்றை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்வோம். ஒன்று, தென்காசிக் கோபுரம் போன்ற பழஞ்செல்வங்கள். இரண்டு, குற்றால அருவியும் அதற்குத் தாயாகிய மலைக்காடும். மூன்று, வாக்குரிமை. குடிமையியல் பாடநூலில் இவை மூன்றும் வெவ்வேறு பாடங்களில் வருகின்றன. ஆயினும் இவை மூன்றையும் காப்பதற்குப் பொதுப்பணம் செலவாகிறது. அப்பணம் எங்கிருந்து வருகிறது, யார் கேட்டால் வருகிறது, யார் அதற்குக் கணக்குக் கேட்பது என்று ஆராய்ந்தால், இம்மூன்று பாடங்களும் ஒரே பாடமாக முடிவதைக் காணலாம்.

அரசின் பணம் யாருடைய பணம்?

அரசுக்கெனத் தனியே பணம் காய்க்கும் மரம் ஏதும் இல்லை. கடையில் ஒரு சோப்புக் கட்டி வாங்கும் ஏழைப் பெண்ணும் அதன் விலையோடு வரியையும் சேர்த்தே கொடுக்கிறாள். அவ்வாறு சேர்ந்த பணம் தொகுநிதியில் இருக்கிறது. மத்தியில் நாடாளுமன்றமும் மாநிலத்தில் சட்டமன்றமும் ஒப்புதல் அளித்தாலன்றி அந்நிதியிலிருந்து ஒரு காசும் எடுக்க இயலாது. ஆண்டுதோறும் அமைச்சர் படிக்கும் நிதிநிலை அறிக்கை, உண்மையில் ஒரு விண்ணப்பமே ஆகும். அதற்கு ஒப்புதல் தருவோர் நம் பிரதிநிதிகள். செலவான பின்னர் கணக்கைச் சரிபார்ப்பவர் இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர்.

இனி, நம் அரசியலமைப்புச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச் சின்னங்களைக் காப்பது அரசின் கடமை என்று 49ஆவது பிரிவு கூறுகிறது. சுற்றுச்சூழலையும் காடுகளையும் வனவிலங்குகளையும் காக்க அரசு முயல வேண்டும் என்பது 48-அ பிரிவு. இது 1976ஆம் ஆண்டு 42ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. அதே திருத்தம், 51-அ என்னும் பிரிவையும் சேர்த்து, நமது பண்பாட்டுச் செல்வத்தைப் போற்றுவதும் இயற்கையைப் பேணுவதும் ஒவ்வொரு குடிமகனின், குடிமகளின் அடிப்படைக் கடமை என வகுத்தது. தேர்தலை நடத்தும் பொறுப்பைத் தேர்தல் ஆணையத்துக்கு அளிப்பது 324ஆவது பிரிவு.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். 49ஆம் 48-அவும் அரசு நெறிமுறைக் கோட்பாடுகள் என்னும் பகுதியைச் சேர்ந்தவை. அவற்றை நீதிமன்றத்தின் மூலம் கட்டாயமாக நிறைவேற்றச் செய்ய இயலாது என்று 37ஆவது பிரிவே தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்படியானால், கோபுரத்தையும் காட்டையும் மறந்துவிட்ட அரசை நினைவூட்டுவது யார்? வாக்காளரே நினைவூட்ட வேண்டும். கோபுரத்துக்கு வாக்கு இல்லை. அருவிக்கு வாக்கு இல்லை. அவற்றுக்காக வாக்குள்ளவர்தாம் வாய் திறக்க வேண்டும்.

கோபுரத்தின் கதை

தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலின் இராசகோபுரம் ஒன்பது நிலைகளுடன் ஏறத்தாழ 180 அடி உயரம் உடையது. இன்று செங்கோட்டைச் சாலையில் வருவோர் வெகு தொலைவிலிருந்தே இதைக் கண்டு மகிழ்கின்றனர். ஆனால் நம் பாட்டிமார் தம் இளமையில் கண்ட கோபுரம் இதுவன்று. 1924ஆம் ஆண்டில் கோபுரம் சிதைவுற்றது. அதன்பின் அது மொட்டைக் கோபுரமாகவே நின்றது. பத்திரிகை அதிபர் டாக்டர் பா. சிவந்தி ஆதித்தன் முன்னின்று திருப்பணி நடத்தி, 1990ஆம் ஆண்டில்தான் குடமுழுக்கு நிறைவேறியது. இடையில் கழிந்தவை அறுபத்தாறு ஆண்டுகள். மன்னன் கல்லில் எழுதிய வேண்டுகோள் உள்ளே இருக்க, வாயிலில் கோபுரம் தலையிழந்து நின்றது. பின்னர் 2025 ஏப்ரலில் மீண்டும் ஒரு குடமுழுக்கு நடைபெற்றது.

இத்தகைய பழம்பொருள்களைக் காக்கும் பொறுப்பு நம் நாட்டில் ஒரே அலுவலகத்திடம் இல்லை. இதை மாணவிகள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, இந்தியத் தொல்லியல் துறை. 1861ஆம் ஆண்டு அலெக்சாண்டர் கன்னிங்காம் தலைமையில் தொடங்கிய இத்துறை, 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவையென அறிவிக்கப்பட்ட 3,600க்கும் மேற்பட்ட சின்னங்களைப் பாதுகாக்கிறது. இதற்கான செலவு மத்திய அரசினுடையது. இரண்டாவது, 1961இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை. 1966ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட சின்னங்கள் இதன் பொறுப்பில் உள்ளன. மூன்றாவது, இந்து சமய அறநிலையத் துறை. தென்காசிக் கோயிலும் குற்றாலநாதர் கோயிலும் இதன் நிர்வாகத்தில் உள்ளவை. இங்கெல்லாம் திருப்பணிக்குப் பெரும்பாலும் கோயிலின் சொந்த வருவாயும் நன்கொடையாளர் தரும் பொருளுமே ஆதாரம். இவற்றோடு, ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள கோயில்களைச் சீரமைக்கத் தமிழக அரசு 2022-23ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் 100 கோடி ரூபாய் ஒதுக்கியது. பழைய தேவாலயங்களையும் பள்ளிவாசல்களையும் பழுதுபார்க்கவும் அரசு நிதி வழங்கி வருகிறது.

சமயச் சார்பற்ற அரசு வழிபாட்டிடங்களுக்குச் செலவிடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். ஒரு குறிப்பிட்ட சமயத்தை வளர்ப்பதற்கென்றே ஒதுக்கப்படும் வரியைச் செலுத்துமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது அரசியலமைப்பின் 27ஆவது பிரிவு. ஆயின் பழங்கோபுரம் ஒன்றைத் தாங்கி நிறுத்துவது வேறு, வழிபாட்டைப் பரப்புவது வேறு. குற்றாலத்துச் சித்திரசபையின் சுவரோவியங்கள் அழிந்தால், சைவருக்கு மட்டும் அன்று, ஓவியக் கலை பயிலும் எல்லார்க்கும் இழப்பு. கடையத்துக்கு அருகிலுள்ள பொட்டல்புதூர்ப் பள்ளிவாசலுக்கு இந்துக்களும் சென்று வருவது இவ்வட்டாரத்தார் அறிந்ததே. அப்பழைய கட்டடம் முசுலிம்களுக்கு மட்டுமா சொந்தம்? பழமை என்பது ஊர்ப்பொது. எனவே அதைக் காக்கும் செலவும் எல்லாச் சமயத்தார்க்கும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட வேண்டும், அதுவே நீதி.

பணம் ஒதுக்கினால் மட்டும் போதுமா? போதாது. நம் சிற்றாறு சென்று கலக்கும் தாமிரவருணியின் கரையில் இருக்கும் ஆதிச்சநல்லூரைப் பாருங்கள். 1876இல் செர்மானியரான யாகோரும், 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீயாவும் அங்கே தோண்டி, தாழிகளையும் இரும்புக் கருவிகளையும் வெண்கலப் பொருள்களையும் பொன் பட்டங்களையும் கண்டெடுத்தனர். யாகோர் எடுத்தவை பெர்லின் நகரத்துக்குப் போய்விட்டன. ஒரு நூற்றாண்டு கழிந்து, 2004ஆம் ஆண்டையொட்டி மீண்டும் அகழ்வு நடந்தது. ஆனால் அதன் முழு அறிக்கை பல ஆண்டுகள் வெளிவரவில்லை. அகழ்வுக்குச் செலவான பணம் மக்களுடையது. அறிக்கை வராதவரை மக்களுக்குக் கிடைத்தது என்ன? பின்னர் 2020 பிப்ரவரியில் மத்திய நிதிநிலை அறிக்கை, நாட்டின் ஐந்து சிறப்புமிகு தொல்லியல் இடங்களுள் ஒன்றாக ஆதிச்சநல்லூரை அறிவித்து, அருங்காட்சியகம் அமைக்க வழி செய்தது. எழுத்தாளரும் ஆர்வலரும் ஊர்மக்களும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததும் இதற்கு ஒரு காரணம். கேட்டவர் இருந்ததால் கிடைத்தது.

அருவியின் கதை

ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழைந்து சாரலைக் கொண்டு வருகிறது. மலைக்கு இந்தப் பக்கத்து ஊர்கள் பல மழை மறைவுப் பகுதிகளாயிருக்க, நாம் மட்டும் குளிர்காற்றில் நனைகிறோம். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவி, செண்பகாதேவி, தேனருவி என்று அருவிகளின் பெயர்கள் நமக்கு மனப்பாடம். ஆனால் அருவிக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பலர் வானத்தைக் காட்டுவர். காட்டைக் காட்டுவதே சரியான விடை.

மழை பெய்தவுடன் நீர் முழுவதும் ஓடிவிட்டால் அருவி இரண்டு நாள் விழுந்து மூன்றாம் நாள் நின்றுவிடும். அடர்ந்த காட்டில் இலைச் சருகும் வேரும் மண்ணும் பஞ்சுபோல் நீரைக் குடித்து, சிறுகச் சிறுகக் கசியவிடுகின்றன. அக்கசிவே சிற்றாறு. அச்சிற்றாறே குற்றாலத்துப் பேரருவியாய் விழுந்து, தென்காசி வட்டாரத்து வயல்களையும் குளங்களையும் நனைத்து, சீவலப்பேரிக்கு அருகில் தாமிரவருணியோடு கலக்கிறது. ஆகவே காட்டைக் காக்கும் செலவு, உண்மையில் நெல்லுக்கும் குடிநீருக்கும் செய்யும் செலவாகும்.

இச்செலவு எவ்வாறு நடக்கிறது? 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டமும், 1980இல் வனப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. நமக்குத் தெற்கே களக்காடு முண்டந்துறை, 1988இல் தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமாயிற்று. இத்தகைய காப்பகங்களில் ஒருமுறை மட்டும் செய்யும் செலவில் மத்திய அரசு 60 பங்கும் மாநிலம் 40 பங்கும் ஏற்கின்றன. ஆண்டுதோறும் தொடரும் செலவை இரண்டும் சரிபாதியாக ஏற்கின்றன. 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 பகுதிகளை ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2016இல் அவ்வமைப்பின் உலகப் பட்டியலில் இடம் பெற்றது. 2022இல் அகத்தியமலை யானைகள் காப்பகமும் உருவாயிற்று.

மத்திய அரசு வசூலிக்கும் வரியை மாநிலங்களுக்குப் பங்கிட்டுத் தருவது நிதிக் குழுவின் பரிந்துரைப்படி என்று படித்திருக்கிறீர்கள். பன்னிரண்டாவது நிதிக் குழு 2005 முதல் 2010 வரையிலான ஐந்தாண்டுகளுக்குக் காடுகளைப் பராமரிக்க 1,000 கோடி ரூபாயும், பாரம்பரியச் சின்னங்களைக் காக்க 625 கோடி ரூபாயும் பரிந்துரைத்தது. பதினான்காவது நிதிக் குழு ஒருபடி மேலே சென்று, வரிப் பங்கீட்டைக் கணக்கிடும்போது ஒரு மாநிலத்தின் காட்டுப் பரப்புக்கு நூற்றுக்கு ஏழரை மதிப்பு அளித்தது. பதினைந்தாவது குழு அதைப் பத்தாக உயர்த்தியது. காட்டை வெட்டி விற்றால் வருவாய் என்றிருந்த காலம் போய், காட்டை வெட்டாமல் வைத்திருந்தால் வருவாய் என்னும் காலம் வந்தது. வளர்ச்சிப் பணிகளுக்காகக் காட்டு நிலத்தை எடுப்போர் ஈடாகச் செலுத்தும் பணத்தை முறைப்படுத்த 2016இல் ஒரு சட்டம் பிறந்தது. அந்நிதியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு மாநிலங்களுக்கு உரியது.

பணத்தை எப்படிச் செலவிடுவது என்பதற்கு நம் அண்டையிலேயே ஒரு நல்ல பாடம் உண்டு. களக்காடு முண்டந்துறைக் காட்டை ஒட்டிய சிற்றூர்ப் பெண்கள் விறகுக்காகவே நாள்தோறும் மலையேறி வந்தனர். அடுப்பெரிக்கவும் விற்றுப் பிழைக்கவும் அவர்களுக்கு வேறு வழியில்லை. காவலரை நியமித்து விரட்டினால் காடும் பிழைக்காது, அவர்களும் பிழைக்க மாட்டார்கள். 1990களின் பிற்பகுதியில் உலக வங்கிக் கடனுதவியோடு நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில், ஊர்தோறும் கிராம வனக் குழுக்கள் அமைத்து, கறவை மாடு வாங்கவும் சிறு கடை வைக்கவும் கடன் கொடுத்தனர். எரிவாயு அடுப்பும் சாண எரிவாயுக் கலனும் வந்தன. ஒருவர் திருப்பிச் செலுத்தியது மற்றொருவர்க்குக் கடனாயிற்று. விறகுச் சுமை குறைந்தது, மரங்கள் தழைத்தன. காட்டுக்கென ஒதுக்கிய பணத்தை மனிதர்மீது செலவிட்டபோதுதான் காடு காப்பாற்றப்பட்டது.

குற்றாலத்திலும் நமக்கு எச்சரிக்கைகள் வந்தவண்ணம் உள்ளன. அருவியில் எண்ணெய், சோப்பு, சாம்பு பயன்படுத்தலாகாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014ஆம் ஆண்டு தடை விதித்தது. நீதிபதிகள் சொல்லித்தான் நாம் அருவியை அழுக்காக்காமல் இருக்க வேண்டுமா? 2024 மே 17ஆம் நாள் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து, குளிக்க வந்த 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைப் பறித்தது. மலைமேல் பெய்யும் மழையை அளக்கவும், கீழே நிற்போரை உடனே எச்சரிக்கவும் ஏற்பாடுகள் வேண்டும் என்ற பேச்சு அதன்பின் வலுத்தது. அலங்கார வளைவுக்கும் வண்ண விளக்குக்கும் பணம் கேட்பார் பலர். மழைமானியும் எச்சரிக்கைச் சங்கும் கண்ணுக்கு அழகில்லை. ஆனால் உயிர் காப்பவை அவையே. எதை முதலில் கேட்பது என்பதிலும் குடிமக்களின் அறிவு வெளிப்படும்.

வாக்கின் கதை

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன் ஊர்ச்சபைக்கு எவ்வாறு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர் என்பதை அவை விரிவாகக் கூறுகின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். இதுவே குடவோலை முறை. இவ்வாறு தேர்ந்தவர்களுள் சிலர் ஏரி வாரியத்தில் அமர்ந்து ஏரியைக் காத்தனர். சிலர் தோட்ட வாரியத்தில் அமர்ந்து தோட்டங்களைக் காத்தனர். தேர்தலும் இயற்கைப் பாதுகாப்பும் ஒரே சுவரில், இன்று நாம் போற்றிக் காக்கும் ஒரு பழஞ்சின்னத்தில் எழுதப்பட்டுள்ளன என்பது எண்ணி வியக்கத்தக்கது.

அச்சுவரின் விதிகளில் மிகச் சிறந்தது ஒன்று உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் சென்றவர் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடலாகாது! இன்றைய சட்டம் என்ன சொல்கிறது? தேர்தலில் நின்ற ஒவ்வொருவரும் முடிவு வெளியான 30 நாள்களுக்குள் தம் செலவுக் கணக்கைத் தர வேண்டும். தக்க காரணமின்றித் தவறினால் தேர்தல் ஆணையம் அவரை மூன்று ஆண்டுகளுக்குத் தகுதியற்றவராக்கலாம். ஆயிரத்து நூறு ஆண்டுகள் கடந்தும் அடிப்படை ஒன்றே: கணக்குக் காட்டாதவர்க்குப் பதவி இல்லை.

ஆயினும் பழமையைக் கண்மூடிப் புகழ்வது மாணவர்க்கு அழகன்று. உத்திரமேரூரில் நிலம் இல்லாதவர்க்கு இடமில்லை, மறை பயிலாதவர்க்கு இடமில்லை, பெண்களுக்கும் இடமில்லை. சென்னை மாகாணத்தில் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1921ஆம் ஆண்டில்; அதுவும் சொத்துடைய சிலர்க்கு மட்டுமே. வயது வந்த எல்லார்க்கும் வாக்கு என்பதை நம் அரசியலமைப்பே கொணர்ந்தது. 61ஆவது திருத்தத்தின் பயனாக 1989 முதல் வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18 ஆயிற்று. 2016இல் தமிழக உள்ளாட்சி அமைப்புகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. 2023இல் நிறைவேறிய 106ஆவது திருத்தம் மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கை மகளிர்க்கு ஒதுக்க வழிவகுத்தது. நம் கையில் உள்ள வாக்கு, பல தலைமுறையார் படிப்படியாகத் திருத்தித் தந்த சொத்து. அதுவும் ஒரு கோபுரமே. அதற்கும் திருப்பணி வேண்டும்.

அத்திருப்பணியில் மிகக் கடினமானது பணத்தின் ஆதிக்கத்தைக் குறைப்பது. தேர்தல் நடத்தும் செலவை அரசே ஏற்கிறது: மக்களவைத் தேர்தலாயின் மத்திய அரசும், சட்டமன்றத் தேர்தலாயின் மாநில அரசும் தாங்குகின்றன. ஆனால் கட்சிகளும் வேட்பாளரும் செய்யும் செலவு வேறு. அதற்கு உச்சவரம்பு உண்டு. 2022 சனவரியில் அவ்வரம்பு பெரிய மாநிலங்களில் மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சமாகவும், சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சமாகவும் உயர்த்தப்பட்டது. 1990இல் தினேசு கோசுவாமி குழுவும், 1998இல் இந்திரசித் குப்தா குழுவும் தேர்தலுக்கு அரசே நிதியுதவி செய்வதைப் பற்றி ஆராய்ந்தன. அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு ரொக்கமாகத் தராமல், எரிபொருள், தாள், ஒலிபெருக்கி போன்ற பொருளாகத் தரலாம் என்பது இரண்டாவது குழுவின் கருத்து. இதனால் செல்வரிடம் கையேந்தாமல் நல்லவர் போட்டியிடலாம் என்பர் ஆதரிப்போர். மறைவாகச் செலவிடும் பணம் குறையாமல், மக்கள் பணமும் சேர்ந்து செலவாகும் என்பர் மறுப்போர். இன்று வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு இலவச நேரம் தரப்படுகிறது. அது இவ்வகை உதவியின் சிறு தொடக்கம் எனலாம். கட்சிகளுக்குப் பணம் கொடுத்தவர் பெயரை மக்கள் அறியாதபடி செய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15இல் செல்லாது என்று தீர்ப்பளித்தது. வாக்களிப்பவர்க்குக் கணக்கு அறியும் உரிமை உண்டு என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

மேலிடத்துப் பணத்தைப் பற்றிப் பேசிவிட்டு, வீட்டு வாசலுக்கு வரும் பணத்தைப் பேசாமல் விடலாமா? தமிழகத்துக்கு இதில் தலைகுனிவு உண்டு. வாக்காளர்க்குப் பணம் கொடுத்த காரணத்தால் 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தொகுதிகளிலும், 2017இல் சென்னை இராதாகிருட்டிணன் நகரிலும், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் குறித்த நாளில் தேர்தல் நடவாமல் நிறுத்தப்பட்டது. பின்னர் மீண்டும் நடத்திய செலவும் மக்கள் தலையிலேயே விழுந்தது. வாக்குக்குப் பணம் கொடுப்பது மட்டுமன்று, வாங்குவதும் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

கணக்குப் பாடத்தில் வல்ல மாணவிகள் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒருவர் ஐந்நூறு ரூபாய்க்கு வாக்கை விற்றார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டுக்கு நாள்கள் 1,826. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 27 காசு! அந்த 27 காசை வாங்கிக்கொண்டு அவர் எதைக் கொடுத்துவிட்டார்? "அருவிக்கு எச்சரிக்கைச் சங்கு ஏன் வரவில்லை? கோபுரத்தில் விரிசல் ஏன்? குளம் ஏன் தூர்வாரப்படவில்லை?" என்று ஐந்தாண்டும் கேட்கும் உரிமையைக் கொடுத்துவிட்டார். விலை கொடுத்து வாங்கியவனிடம் விற்றவன் கணக்குக் கேட்க முடியுமா?

ஒரு வாக்கினால் என்ன ஆகிவிடும் என்று சலிப்போரும் உளர். 2021 சட்டமன்றத் தேர்தலில் நம் தென்காசித் தொகுதியில் வெற்றியைத் தீர்மானித்த வேறுபாடு வெறும் 370 வாக்குகள். வழக்கு நடந்து, உயர் நீதிமன்ற ஆணைப்படி 2023 சூலையில் அஞ்சல் வாக்குகள் மீண்டும் எண்ணப்பட்டன. வெற்றி மாறவில்லை. ஆயினும் ஒரு தெருவில் வாழ்வோர் எல்லாரும் வாக்களிக்க வராதிருந்தாலே முடிவு வேறாகியிருக்கக் கூடும் அன்றோ?

மூன்றும் ஒன்றே

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். பழஞ்சின்னமும் காடும் தமக்காகப் பேசமாட்டா. அவற்றுக்குப் பணம் ஒதுக்குவோர் நம் பிரதிநிதிகள். அப்பிரதிநிதிகளைக் கேட்கும் தகுதி, வாக்கை விற்காதவர்க்கே உண்டு. ஆகவே தேர்தல் தூய்மை கெட்டால் முதலில் கேட்பாரற்றுப் போவது கோபுரமும் அருவியுமே. சாலை பழுதானால் அதில் செல்வோர் கூச்சலிடுவர். மலையுச்சியில் ஒரு மரம் வெட்டப்பட்டால் கூச்சலிட அங்கே யார் இருக்கிறார்கள்?

பதினெட்டு வயது ஆகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய்க் கட்டணத்தில் எந்த அரசு அலுவலகத்திடமும் செலவு விவரம் கேட்கலாம். அவ்விண்ணப்பத்தை எழுதப் பெற்றோர்க்கு உதவுங்கள். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகசுட்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. அன்று வரவு செலவுக் கணக்கை ஊரார்முன் வைக்க வேண்டும். அம்மாவையும் பாட்டியையும் அழைத்துக்கொண்டு போய் அமர்ந்து கேளுங்கள். தேர்தல் காலத்தில் வீட்டுக்கு உறை வந்தால், "வேண்டாம்" என்று சொல்லும் முதற்குரல் நம் பள்ளியில் படிக்கும் பெண்ணின் குரலாய் இருக்கட்டும்.

பராக்கிரம பாண்டியன் பணிந்து வணங்கியது எவரை? தான் கட்டியதைக் காக்கப்போகும் யாரோ ஒருவரை. அந்த "யாரோ" என்னும் சொல்லில் நீங்களும் அடங்குவீர்கள். ஓர் அரசனின் வணக்கத்துக்கு உரியவராய் வாழ்வது எளிதன்று. ஆனால் அரிதும் அன்று.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. உங்கள் ஊரில் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடம், குளம், மரம் எவை? அவை எந்தத் துறையின் பொறுப்பில் உள்ளன என்று கேட்டறிந்து எழுதுக.

2. குற்றாலப் பேரூராட்சிக்கு ஒரு கோடி ரூபாய் கிடைத்தால் எவ்வெவற்றுக்கு எந்த வரிசையில் செலவிடுவீர்கள்? காரணம் கூறுக.

3. தேர்தலுக்கு அரசே நிதியுதவி செய்யலாமா, கூடாதா? இரு தரப்பாகப் பிரிந்து வகுப்பில் விவாதிக்க.

4. உத்திரமேரூர் விதிகளுள் இன்றும் கொள்ளத்தக்கவை எவை? தள்ளத்தக்கவை எவை?